தோல் செல்லுக்குள் மரபணு: மாற்றியது மரபணுவா, செலுத்திய முறையா?

வளர்ப்புத் தட்டில் இருக்கும் தோல் செல்லுக்குள் ஒரு மரபணுவைச் செலுத்துகிறோம். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் செல்லின் நடத்தை மாறியிருக்கிறது. மாற்றியது மரபணுவா, அதை உள்ளே கொண்டுபோன முறையா?

இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே மாதக்கணக்கில் வேலை செய்தவன் நான். மேல்தோல் செல்லான கெரட்டினோசைட்டுக்குள் ஒரு மரபணுவைச் செலுத்தினேன். செல்கள் தட்டையாகி, ஒன்றோடொன்று இறுக ஒட்டிக்கொண்டு, பெருகுவதை நிறுத்தின. செல் முதிர்ச்சியைத் தூண்டும் மரபணு கையில் சிக்கிவிட்டது என்று ஒரே சந்தோஷம். மரபணுவை ஏற்றிச் செல்லும் வட்ட டிஎன்ஏவுக்குப் பிளாஸ்மிட் என்று பெயர். அப்புறம்தான் மரபணு ஏற்றாத வெற்றுப் பிளாஸ்மிட் போட்ட குழிகளை ஒழுங்காகப் பார்த்தேன். அவையும் அச்சு அசலாக அப்படியே இருந்தன. நான் பயன்படுத்தியது கால்சியம் பாஸ்பேட் முறை. கெரட்டினோசைட் வளர்ப்பவர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாதவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. செல் வளர்ப்பின் அடிப்படை தெரியும், மரபணு செலுத்துவதுதான் புதிது என்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

1. கையில் இருப்பது எந்தச் செல்?

‘தோல் செல்’ என்று பொதுவாகச் சொன்னாலும் ஆய்வகத்தில் பெரும்பாலும் புழங்குவது இரண்டு வகை. மேல்தோலில் இருந்து வருவது கெரட்டினோசைட். அடித்தோலில் இருந்து வருவது ஃபைப்ரோபிளாஸ்ட். ஒன்றுக்குச் சரிப்படும் செய்முறையை இன்னொன்றுக்கு அப்படியே எடுத்துப் போட முடியாது.

ஃபைப்ரோபிளாஸ்ட் முரட்டுப் பிள்ளை. சாதாரண மீடியத்தில் சீரம் ஊற்றி வளர்க்கலாம், ஓரளவு அடி வாங்கினாலும் எழுந்துவிடும். ஆனால் அதற்கும் ஆயுள் உண்டு. மனித ஃபைப்ரோபிளாஸ்ட் சுமார் 50 முறை இரட்டித்த பிறகு நின்றுவிடும் என்பது 1961-இல் ஹேஃப்ளிக்கும் மூர்ஹெட்டும் காட்டியது. ஆகவே எத்தனையாவது பாசேஜ் (ஒரு தட்டில் இருந்து புதுத் தட்டுக்கு மாற்றுவது) என்பதைக் குறித்துவைக்காமல் தொடங்க வேண்டாம். முதுமையடைந்த செல்கள் மெதுவாகப் பிரியும், மரபணுவையும் குறைவாகவே ஏற்கும். ஐந்தாம் பாசேஜில் கிடைத்த முடிவையும் பதினைந்தாம் பாசேஜில் கிடைத்ததையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால் அர்த்தமில்லாத வித்தியாசங்கள்தான் கண்ணில் படும்.

கெரட்டினோசைட் வேறு ரகம். அதன் இயல்பான வாழ்க்கையே அடியில் பிறந்து, முதிர்ந்து, மேலே ஏறி உதிர்வதுதான். தட்டில் இருக்கும்போதும் முதிர்ந்துவிட ஒரு சாக்கு தேடிக்கொண்டே இருக்கும். சாக்குகள் முக்கியமாக மூன்று: மீடியத்தில் கால்சியம் கூடுவது, தட்டு நிரம்பிப்போவது, தரையை விட்டு நீண்ட நேரம் மிதப்பது. இந்த மூன்றையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கீழே வரும் முறைகள் ஒவ்வொன்றும் இவற்றில் எதையாவது சீண்டும்.

ஹாகேட் என்ற செல் வரிசையும் உண்டு. 1988-இல் அறிமுகமானது. தானாகவே சாகாவரம் பெற்ற கெரட்டினோசைட். பழகுவதற்கு நல்லது. ஆனால் சேதமடைந்த செல் பெருகாமல் தடுக்கும் அதன் பி53 மரபணுவில் பிறழ்வுகள் இருக்கின்றன. டிஎன்ஏ சேதத்துக்கு இயல்பான செல் காட்டும் எதிர்வினையை அதில் அப்படியே எதிர்பார்க்க முடியாது. ஹாகேட்டில் ‘நச்சே இல்லை’ என்று தெரிந்த ஒரு முறை, நேரடியாகத் தோலில் இருந்து எடுத்த செல்லைக் கொன்றுவிடலாம்.

2. செலுத்துவதற்கு முந்தைய நாள்

முந்தைய நாளே செல்களை எண்ணிப் பரப்புங்கள். மரபணு செலுத்தும் நேரத்தில் கெரட்டினோசைட் தட்டில் பாதி முதல் அறுபது சதவீதம் வரை மூடியிருந்தால் போதும். 80-ஐத் தாண்டிவிட்டால் அந்தத் தட்டை விட்டுவிடுங்கள், முதிர்ச்சி ஏற்கெனவே தொடங்கியிருக்கும். ஃபைப்ரோபிளாஸ்டுக்கு எழுபது வரை போகலாம்.

இந்தக் கணக்குக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வெறும் பிளாஸ்மிட் டிஎன்ஏ செல்லுக்குள் நுழைந்தால் மட்டும் போதாது, உட்கருவுக்குள் போக வேண்டும். செல் பிரியும்போது உட்கரு உறை கலைகிறது. பிளாஸ்மிட்டுக்கு அதுதான் எளிதான வாசல். பிரியாத செல்லில் டிஎன்ஏ சைட்டோபிளாசத்திலேயே கிடந்து சிதைந்துபோகும்.

இதில் ஒரு பொறி உண்டு, யாரும் சொல்லித்தருவதில்லை. ஒரே தட்டில் (அடையாளத்துக்குச் சேர்த்த ஜிஎஃப்பி என்ற புரதத்தால்) பச்சையாக ஒளிரும் செல்களையும் ஒளிராத செல்களையும் பிரித்து ஒப்பிடுவது பலரின் வழக்கம். ஒளிர்வது பெரும்பாலும் பிரிந்துகொண்டிருந்த செல். ஒளிராதவற்றில் முதிர்ந்துபோனவை அதிகம். மரபணு உள்ளே போகும் முன்பே அவை இரண்டும் வேறு வேறு கூட்டம். அந்த வித்தியாசத்தை மரபணுவின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

தட்டில் ஒட்டிய செல்களைப் பெயர்த்தெடுக்க டிரிப்சின் என்ற நொதியைப் போடுவீர்கள். சீரம் இல்லாத மீடியத்தில் வளரும் கெரட்டினோசைட்டில் டிரிப்சினை நிறுத்த சீரம் ஊற்றினால் அதிலுள்ள கால்சியமும் சேர்ந்தே வரும். சோயா டிரிப்சின் தடுப்பானைப் பயன்படுத்துங்கள். சீரம்தான் இருக்கிறது என்றால் உடனே சென்ட்ரிஃபியூஜில் சுற்றி மேல்நீரைக் கொட்டிவிடுங்கள். செல் வளர்ப்பில் கண்ணுக்குத் தெரியாமல் புகும் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாவுக்கான சோதனையையும் முடித்துவிடுங்கள். அது இருக்கும் தட்டில் எதை அளந்தாலும் வீண்.

3. முறையைத் தேர்ந்தெடுப்பது

எந்த முறையில் அதிக செல் ஒளிர்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் வழக்கம். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. நான் அளக்கப்போகும் விஷயத்தை எந்த முறை குறைவாகக் கலைக்கும் என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது. முதிர்ச்சியை ஆராய்பவருக்கு ஒத்துவரும் முறை அழற்சியை ஆராய்பவருக்கு ஒத்துவராது.

கால்சியம் பாஸ்பேட்டை முதலில் தள்ளிவைத்துவிடலாம். 1973-இல் கிரஹாமும் வான் டெர் எப்பும் அறிமுகப்படுத்திய முறை, மலிவானது, பல செல் வரிசைகளில் இன்றும் நன்றாக வேலை செய்கிறது. கெரட்டினோசைட்டில் மட்டும் வேண்டாம். கெரட்டினோசைட் பெருகிக்கொண்டே இருக்க மீடியத்தில் கால்சியம் 0.1 மில்லிமோலாருக்குக் கீழே இருக்க வேண்டும். ஒரு மில்லிமோலாரைத் தாண்டினால் செல்கள் தங்களுக்குள் டெஸ்மோசோம் இணைப்புகளைக் கட்டிக்கொண்டு முதிரத் தொடங்கும். டிஎன்ஏ படிவுக் கலவையிலோ கால்சியம் 125 மில்லிமோலார் அளவுக்கு இருக்கும். பத்தில் ஒரு பங்காக மீடியத்தில் சேர்த்தாலும் 12-க்கு வந்துவிடும். என் ‘கண்டுபிடிப்பு’ இதுதான். ஃபைப்ரோபிளாஸ்டில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் கலவையின் பிஎச் சற்றுப் பிசகினாலும் படிவு கட்டிகட்டியாக விழுந்து செல்களின் மேல் மணல்போலக் கிடக்கும்.

அடுத்தது கொழுப்பு முறை, அதாவது லிப்போஃபெக்‌ஷன். புதியவர்கள் தொடங்க இதுவே நல்ல இடம். நேர்மின்னூட்டம் கொண்ட கொழுப்பு, எதிர்மின்னூட்டம் கொண்ட டிஎன்ஏவைச் சுற்றிப் பொட்டலம் கட்டுகிறது. செல் அதை விழுங்குகிறது. உள்ளே எண்டோசோம் பையைக் கிழித்துக்கொண்டு டிஎன்ஏ வெளியேற வேண்டும். இந்தக் கிழிப்புதான் பலன், இதுவேதான் நச்சும். கொழுப்பு கூடக்கூட ஒளிரும் செல்கள் ஓரளவு வரை கூடும், அதன் பிறகு சாகும் செல்கள்தான் கூடும். ஒரு மைக்ரோகிராம் டிஎன்ஏவுக்கு 1, 2, 3 மைக்ரோலிட்டர் என்று மூன்று அளவுகளில் முயன்று பாருங்கள். அதிகம் ஒளிர்வதை எடுக்காதீர்கள். அதற்கு ஒரு படி கீழே இருப்பதை எடுங்கள். கலவை செல்மேல் இருக்க வேண்டிய நேரம் பெரும்பாலும் 4 முதல் 6 மணி. அதன் பிறகு மீடியத்தை மாற்றிவிடலாம். ‘ராத்திரி முழுக்க இருக்கட்டும்’ என்று கெரட்டினோசைட்டை விட்டுவிட்டுப் போனால் காலையில் மிதக்கும் செல்களைத்தான் எண்ண வேண்டியிருக்கும். மாற்றி ஊற்றும் மீடியமும் குறைந்த கால்சியம் மீடியமாகவே இருக்கட்டும். சாதாரண டிஎம்இஎம் மீடியத்தில் 1.8 மில்லிமோலார் கால்சியம் இருக்கிறது. அவசரத்தில் கைக்கு எட்டிய பாட்டிலை எடுத்து ஊற்றினால், கால்சியம் பாஸ்பேட் செய்யும் வேலையை அந்தப் பாட்டிலே செய்துவிடும்.

மின்துளை முறையில், அதாவது எலக்ட்ரோபொரேஷனில், மின் துடிப்பு செல் சவ்வில் நொடிப்பொழுது துளைகளைத் திறக்கிறது. டிஎன்ஏ உள்ளே போகிறது. அதே துளை வழியாகச் செல்லின் எரிபொருளான ஏடிபி வெளியே ஒழுகுகிறது, வெளிக் கரைசலில் உள்ள அயனிகள் உள்ளே பாய்கின்றன. கரைசலில் கால்சியம் இருந்தால் அதுவும் பாயும். எனவே கால்சியம் இல்லாத கரைசல். செல்களை வைத்து மின் துடிப்பு கொடுக்கும் சிறு பாத்திரமான குவெட்டில் குமிழி இருக்கக் கூடாது, இருந்தால் பொறி பறந்து எல்லாம் போச்சு. இதைவிடக் கவனிக்க வேண்டியது செல்கள் மிதக்கும் நேரம். கெரட்டினோசைட்டின் இன்டெக்ரின்கள் தரையைப் பற்றிக்கொண்டிருக்கும் வரைதான் அது அடிச்செல்லாக இருக்கும். பிடி விட்டுப் பல மணி நேரம் மிதந்தால் முதிர்ச்சிப் பாதையில் இறங்கிவிடும், திரும்பி வராது. டிரிப்சின் போட்டதில் இருந்து மறுபடி தட்டில் பரப்பும் வரை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். சூடான மீடியத்தையும் தட்டுகளையும் முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள். துடிப்பு கொடுத்தவுடன் வேகமாக உறிஞ்சித் துப்பிக் கலக்க வேண்டாம், சவ்வு மூடிக்கொள்ளச் சில நிமிடம் கொடுங்கள். துடிப்பு கொடுத்த செல்களில் ஒரு பங்கு எப்படியும் இறக்கும். அதை எதிர்பார்த்து அதிகமாகவே தொடங்குங்கள். ஃபைப்ரோபிளாஸ்டுக்கு இந்த முறை பொதுவாக நன்றாக ஒத்துவரும்.

இனி வைரஸ்கள். லென்டிவைரஸ் கெரட்டினோசைட், ஃபைப்ரோபிளாஸ்ட் இரண்டையும் நன்றாகத் தொற்றும். பிரியாத செல்லுக்குள்ளும் மரபணுவைக் கொண்டுசேர்க்கும். எலி லுகேமியா வைரஸில் இருந்து உருவாக்கிய பழைய ரெட்ரோவைரஸுக்குச் செல் பிரிந்தாக வேண்டும். அடினோவைரஸ் 5 வகைக்கு ‘கார்’ என்ற ஏற்பி வேண்டும். ஃபைப்ரோபிளாஸ்டில் அது மிகக் குறைவு, அதனால் வைரஸை வாரி இறைத்தாலும் பலன் சொற்பம். இப்படி இறைப்பதே செல்லுக்குத் தனி அழுத்தம். வைரஸ் முறையில் பலர் மறந்துபோவது பாலிபிரீனை. வைரஸ் செல்லில் ஒட்டுவதற்காக மில்லிலிட்டருக்கு 4 முதல் 8 மைக்ரோகிராம் சேர்ப்பார்கள். அந்தப் பாலிபிரீனே கெரட்டினோசைட்டின் பெருக்கத்தைக் குறைக்கும். டிஇஏஇ டெக்ஸ்ட்ரான் அல்லது புரோட்டமைன் சல்ஃபேட் போட்டுப் பாருங்கள். பாலிபிரீன்தான் என்றால் குறைந்த அளவில், சில மணி நேரம் மட்டும். வைரஸ் திரவத்தைப் பற்றியும் ஒரு சொல்: அது வேறொரு செல் வளர்த்த மீடியம், சீரமும் கால்சியமும் அதில் நிறைய. வைரஸைச் செறிவாக்கி மீடியம் மாற்றிய பிறகே கெரட்டினோசைட்டில் போடுங்கள். மனித செல்லைத் தொற்றும் வைரஸ் என்பதால் உயிர்ப் பாதுகாப்பு நிலை 2-க்கு உரிய அறையும் அனுமதியும் பயிற்சியும் இல்லாமல் தொடவே வேண்டாம்.

டிஎன்ஏவுக்குப் பதில், புரதம் செய்வதற்கான செய்தியைச் சுமக்கும் எம்ஆர்என்ஏவையே செலுத்தலாம். அதற்கு உட்கருவுக்குள் போக வேண்டிய அவசியமே இல்லை. சில மணி நேரத்தில் புரதம் வந்துவிடும், சில நாளில் மறைந்துவிடும். பிரியாத செல்லிலும் நடக்கும். குறுகிய கால ஆய்வுக்கு இது எனக்குப் பிடித்த வழி. ஆனால் மாற்றம் செய்யாத ஆர்என்ஏவைச் செல் அந்நியனாகவே பார்க்கும். யூரிடினுக்குப் பதில் சூடோயூரிடின் போன்ற மாற்றுருவைச் சேர்த்தால் அந்த எச்சரிக்கை தணியும் என்று காட்டிய கட்டுரை 2005-இல் வந்தது. அதை எழுதிய காரிக்கோவுக்கும் வைஸ்மனுக்கும் 2023-இல் நோபல் பரிசு கிடைத்தது. மாற்றுரு போட்டாலும் தயாரிப்பில் எஞ்சும் இரட்டை இழை ஆர்என்ஏவைச் சுத்திகரித்து நீக்க வேண்டும்.

4. தோல் செல் ஒரு காவலாளி

உடலின் எல்லையில் நிற்கும் செல் இது. கிருமி வந்தால் முதலில் கத்த வேண்டியது அதன் வேலை. சைட்டோபிளாசத்தில் டிஎன்ஏ கிடந்தால் அது வைரஸாகத்தான் இருக்க வேண்டும் என்பது செல்லின் கணக்கு. நாம் ஊற்றிய பிளாஸ்மிட்டும் அதன் பார்வைக்கு வைரஸ்தான். சிகேஸ் என்ற நொதி அந்த டிஎன்ஏவைப் பிடித்து, ஸ்டிங் என்ற புரதம் வழியாக இன்டர்ஃபெரான் பீட்டாவைக் கிளப்பிவிடும். அதைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கான மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். செல் பெருக்கமும் மந்தமாகலாம்.

நீங்கள் ஆராய்வது சொரியாசிஸ், காயம் ஆறுதல், அழற்சி என்றால் இது சின்ன விஷயம் இல்லை. அளக்க நினைத்ததும் இதுதான், செலுத்தும் முறை கிளப்பிவிடுவதும் இதுதான். இப்படிப்பட்ட ஆய்வுக்குத் தற்காலிகப் பிளாஸ்மிட் முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். லென்டிவைரஸ் மூலம் மரபணுவை நிலையாகச் சேர்த்து, ஒன்றிரண்டு வாரம் ஆறவிட்டு, டாக்ஸிசைக்ளின் மருந்து கொடுத்தால் மட்டும் இயங்கும் சுவிட்ச் வைத்து, அப்புறம் அளப்பது மேல். அப்போதும் டாக்ஸிசைக்ளின் மட்டும் கொடுத்த கன்ட்ரோல் (ஒப்பீட்டுக்கான குழி) வேண்டும்.

பிளாஸ்மிட்டைப் பாக்டீரியாவில் இருந்து எடுக்கிறோம், கூடவே எண்டோடாக்ஸின் என்ற பாக்டீரியா நச்சும் வரும். எண்டோடாக்ஸின் நீக்கும் கிட்டில் சுத்தம் செய்த டிஎன்ஏவை மட்டும் தோல் செல்லுக்குக் கொடுங்கள். சாதாரண மினிபிரெப் டிஎன்ஏ குளோனிங்குக்குப் போதும், இதற்குப் போதாது.

5. ஒரு 24 குழித் தட்டு

உங்கள் அருமையான மரபணுவை எடுக்கும் முன் இந்தத் தட்டை ஒரு முறை செய்துவிடுங்கள். ஒவ்வொரு நிலைக்கும் மூன்று குழிகள்.

முதல் மூன்றைத் தொடவே வேண்டாம். அடுத்த மூன்றில் மீடியத்தை மட்டும் மாற்றுங்கள், வேறெதுவும் இல்லை. பிறகு டிஎன்ஏ இல்லாமல் கொழுப்பு மட்டும். பிறகு கொழுப்பு இல்லாமல் டிஎன்ஏ மட்டும். ஐந்தாவது, கொழுப்போடு வெற்றுப் பிளாஸ்மிட். ஆறாவது, கொழுப்போடு ஜிஎஃப்பி பிளாஸ்மிட். ஏழாவது, உங்கள் மரபணு. 21 ஆயிற்று. மிச்சம் இருக்கும் மூன்று குழிகளில் கெரட்டினோசைட்டுக்குக் கால்சியத்தை 1.2 மில்லிமோலாருக்கு உயர்த்திவிடுங்கள், முதிர்ச்சி வந்தால் எப்படி இருக்கும் என்று காட்டும் அளவுகோல் அதுதான்.

பலரும் முதலாவதையும் ஏழாவதையும் மட்டும் வைத்துக்கொண்டு படம் வரைந்துவிடுகிறார்கள். மரபணுவின் விளைவு என்பது ஐந்துக்கும் ஏழுக்கும் உள்ள வித்தியாசம். ஒன்றுக்கும் ஐந்துக்கும் உள்ள வித்தியாசம் முறையின் விளைவு. இரண்டாவது கணக்கு முதல் கணக்கைவிடப் பெரிதாக இருந்தால் அந்த முறையைக் கைவிட்டு வேறு முறைக்குப் போங்கள். வெற்றுப் பிளாஸ்மிட் உங்கள் பிளாஸ்மிட்டின் அதே முதுகெலும்பாக, அதே கிட்டில் அதே நாளில் சுத்தம் செய்ததாக இருக்கட்டும். டிஎன்ஏவின் மொத்த அளவும் எல்லாக் குழியிலும் ஒன்றே.

6. எதை, எப்போது அளப்பது

பிளாஸ்மிட்டின் புரதம் 24 முதல் 48 மணி நேரத்தில் உச்சத்துக்கு வரும். இன்டர்ஃபெரான் கூச்சல் அதற்கு முன்பே, முதல் சில மணி நேரங்களில் தொடங்கிவிடும். ஆறாம் மணியில் ஒரு தட்டு, 24-இல் ஒன்று, 48-இல் ஒன்று என்று வைத்தால் இரண்டும் பிடிபடும்.

உயிரோடிருப்பதைப் பார்க்க எம்டிடி என்ற நிறச் சோதனை போடுவார்கள். எம்டிடி உண்மையில் அளப்பது வளர்சிதை இயக்கத்தை. செல் சாகாமல் பெருக்கத்தை மட்டும் நிறுத்தியிருந்தாலும் எண் இறங்கும். ஆகவே செத்த செல்லை மட்டும் நீலமாக்கும் டிரிபன் நீலச் சாயத்தோடு நேரடி எண்ணிக்கையும் எடுங்கள், மிதக்கும் செல்களையும் சேர்த்து. மீடியத்தோடு அவற்றைக் கொட்டிவிட்டால் 95 சதவீதம் உயிரோடிருப்பதாகத்தான் தெரியும், செத்ததெல்லாம் சிங்க்கில்.

இனி அளக்க வேண்டிய அடையாளப் புரதங்களும் மரபணுக்களும். கெரட்டினோசைட்டில் முதிர்ச்சிக்கு கெரட்டின் 10, இன்வலுக்ரின். அடிச்செல் நிலைக்கு கெரட்டின் 14. கெரட்டின் 6, 16 இரண்டும் கூடினால் செல் காயப்பட்டதாக நினைக்கிறது என்று அர்த்தம். காவல் எதிர்வினைக்கு இன்டர்ஃபெரான் பீட்டா, ஐஎஸ்ஜி15, இன்டர்லூகின் 8. ஃபைப்ரோபிளாஸ்டில் கொலாஜன் 1, ஆல்ஃபா மென்தசை ஆக்டின், கூடவே முதுமையைக் காட்டும் பீட்டா கேலக்டோசிடேஸ் சாயம், பிஎச் 6-இல்.

7. மரபணு நிலைத்திருக்க வேண்டுமா?

மரபணு ஏறிய செல்களை மட்டும் ஆன்டிபயாடிக் கொண்டு தேர்ந்தெடுக்கும் முன், மரபணு செலுத்தாத செல்களில் கொல்லும் அளவைக் கண்டுபிடியுங்கள். பியூரோமைசின் என்றால் மில்லிலிட்டருக்கு 0.5 மைக்ரோகிராமில் தொடங்கி ஏற்றிப் பாருங்கள். இரண்டு மூன்று நாளில் எல்லாவற்றையும் கொல்லும் மிகக் குறைந்த அளவு போதும். தேர்வு முடிந்து மிஞ்சும் சில செல்கள் தட்டை நிரப்பப் பலமுறை இரட்டிக்க வேண்டும். அதற்குள் கெரட்டினோசைட் களைத்துவிடலாம். இங்கும் வெற்று வெக்டர் (மரபணு ஏற்றாத வைரஸ் அல்லது பிளாஸ்மிட்) போட்ட செல்களை அதே தேர்வில் தள்ளி, அதே எண்ணிக்கை பாசேஜ் ஓட்டி, பக்கத்தில் வைத்திருக்க வேண்டும்.

கெரட்டினோசைட் கூட்டத்தில் எல்லாச் செல்லும் சமமில்லை. பாரண்டனும் கிரீனும் 1987-இல் மூன்று வகை பிரித்தார்கள்: நெடுங்காலம் பெருகும் ஹோலோகுளோன், சீக்கிரம் ஓய்ந்துவிடும் பாராகுளோன், இடைப்பட்ட மெரோகுளோன். மரபணு ஹோலோகுளோனுக்குள் போய்ச் சேரவில்லை என்றால் தட்டு முழுக்கப் பச்சையாக ஒளிர்ந்தாலும் சில வாரங்களில் பச்சை மங்கிவிடும். ஜெர்மனியின் போஹும் (Bochum) நகரில் 2015-இல், தோல் எளிதில் உரிந்துபோகும் எபிடெர்மோலிசிஸ் புல்லோசா நோயால் மேல்தோலில் பெரும்பகுதியை இழந்திருந்த 7 வயதுச் சிறுவனுக்கு, லாம்பி3 மரபணுவை ரெட்ரோவைரஸ் வழியே சேர்த்த அவனுடைய சொந்தக் கெரட்டினோசைட்டுகளையே தாளாக வளர்த்து, மேல்தோலில் 80 சதவீதம் வரை மாற்றினார்கள். 2017-இல் வெளியான அந்த ஆய்வில், புதிய தோலைத் தாங்கி நிறுத்தியவை ஹோலோகுளோன் உருவாக்கும் குறைந்த எண்ணிக்கையிலான தண்டுச் செல்கள்தான் என்று தெரிந்தது. வைரஸ் குரோமோசோமில் எங்கே போய் உட்கார்ந்தது என்பதையும் அவர்கள் தேடிப் பார்த்தார்கள். அதே ரெட்ரோவைரஸ் வகை ரத்தத் தண்டுச் செல் சிகிச்சையில் சில குழந்தைகளுக்கு லுகேமியாவைத் தூண்டியிருந்தது, அதனால் அந்தப் பயம் நியாயமானது.

ஆய்வகத் தட்டிலும் அதே எச்சரிக்கை பொருந்தும். ஒரே ஒரு குளோனை எடுத்து ‘மரபணுவின் விளைவு’ என்று எழுதாதீர்கள், வைரஸ் உட்கார்ந்த இடத்தின் விளைவாகவும் இருக்கலாம். குறைந்தது மூன்று தனித்தனிக் குளோன்கள், அல்லது குளோன் பிரிக்காத கூட்டம். வேறு வேறு ஆட்களின் தோலில் இருந்து வந்த செல்களில் திரும்பச் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. ஒருவரின் செல் கொழுப்பைத் தாங்கும், அடுத்தவருடையது தாங்காது. புதிய ஆளின் செல் வரும்போதெல்லாம் அந்த 24 குழித் தட்டை மறுபடி முதலில் இருந்து போட வேண்டியதுதான்.